நாலு மைக்கும் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலும்

மேடைக்கு இரண்டு, கூட்டத்துக்கு இரண்டு.
நாலு மைக்குக்கும் சேர்த்து
மூவாயிரத்து இருநூறு பேசியிருந்தேன்.
தாராவியிலிருந்து கொலாபாவுக்கு
டெம்போ வாடகை தனி.

கடலுக்கடியில் குழாய் வெடித்துப்
பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.
எப்படி நிறுத்துவது என்று கேட்கத்தான்
ஜனங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.
எனக்கு மராத்தி பாதி, இந்தி முக்கால்,
ஆங்கிலம் யார் யாரை மிரட்டுகிறார்கள்
என்று தெரியுமளவு.

கம்பெனிக்காரர் கௌசிக் பட்நாகர்
மைக்கைத் தொடவேயில்லை. பழகியவர்.
ஒரு சாண் தள்ளி நின்று
'கசிவு' என்றார்.
பின்வரிசையில் ஒருவன் 'வெள்ளம்' என்று கத்தினான்.
'நிகழ்வு' என்று திருத்திக்கொண்டார்.
சேறு இறைத்து அடைக்கலாம், சிமெண்டு ஊற்றலாம்,
பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி
இதன் விலாவில் குத்தலாம்.
நாற்பது நாள் ஆகும்.
அதுவரை மருந்து தெளித்தால்
எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது.

ரிக்கில் முப்பது வருடம் இருந்த
பெர்சிவல் டிமெல்லோ எழுந்தார்.
கை நடுங்கியதில் மைக்கும் நடுங்கியது.
அவருக்காக பேஸைக் கொஞ்சம் குறைத்தேன்.
'தெரியாது என்பது வேறு, இல்லை என்பது வேறு.
அந்த வால்வை மாற்றச் சொல்லி நான் எழுதினதுக்கு
நகல் இருக்கிறது, தேதி...'
மணி அடித்தார்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

சலூன் முடியைக் கோணியில் கட்டி
மிதக்கவிட்டால் எண்ணெயை உறிஞ்சும் என்றார்
ஒரு டீச்சர்.
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
எங்கள் சந்தில், செல்லப்பாண்டி கடையில்,
ஞாயிற்றுக்கிழமை விழுவது ஒன்றரை மூட்டை.
இந்த ஊர்த் தலைகளையெல்லாம் மழித்தால்
எத்தனை நாள் தாங்கும் என்று
கணக்குப் போட ஆரம்பித்து
அடுத்த மைக்கைத் திறக்க மறந்துவிட்டேன்.

அதனால் பிரமிளா வைத்தியின் முதல் வாக்கியம்
யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டாவதிலிருந்து கேட்டது:
'...அதை யார் வாங்குவார்கள்?'
சசூன் டாக்கில் கூடை வைத்திருப்பவள்.
வலை அலசிய தண்ணீரை
ஊறுகாய்ப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள்.
மேலே இரண்டு விரல்கடை கருப்பு.
மேசையில் வைத்தாள்.
குறிப்பெழுதுகிறவர் காகிதங்களை நகர்த்திக்கொண்டார்.
மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை.
மேடையிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்து
இரண்டு விரலைக் கத்தரி போல் ஆட்டினார்.

எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிறதுதான் ஒட்டும் என்பார்கள்.
புரண்டவரின் சட்டை மேடையில் வெள்ளையாக இருந்தது.
நண்டுக்கு ஒட்டியது.
அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது.

அடைத்தேன்.
ஆறு மாதத்துக்கு அந்த அரங்கின் காண்ட்ராக்ட் எனது.
அந்தச் சபையில் அன்றைக்குச்
சட்டென்று நின்ற ஒரே ஒழுக்கு அதுதான்.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.
ஏலத்தில் பழகிய குரல்,
கடைசி வரிசைக்குப் போயிற்று.
ஒலிக்காரன் எனக்கு
அது தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.
ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பியூன் வந்து
'இதை பேசினில் ஊற்றிவிடு' என்று
பாட்டிலைக் காட்டினான்.
பேசின் தண்ணீர் எங்கே போகும்?
சாக்கடைக்கு.
சாக்கடை?
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

டெம்போவில் மடியில் வைத்துக்கொண்டேன்.
ஹாஜி அலி வளைவில் தண்ணீர் சாய்ந்தது.
கருப்பு அவசரப்படாமல்
பின்னால் சாய்ந்தது.

இப்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கிறது.
ராத்திரி இரண்டு முறை எழுந்து
மூடியைத் திருகிப் பார்த்தேன்.
இறுக்கமாகத்தான் இருந்தது.
காலையில் பலகையில் ஒரு வட்டம்.

துணி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது
போன் வந்தது.
வியாழக்கிழமைக்கு மூன்று மைக் போதுமாம்.
மேடைக்கு எத்தனை என்று
நான் கேட்கவில்லை.